வரைபடத்தின்படியே செய்கிறார்

பம்பாய் மாட்டுங்காவில் புதிதாகத் திறந்திருக்கும் காபிக் கடை ஒன்றுக்குப் போன வாரம் மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஃபில்டர் காபிக்குப் பேர்போன பேட்டையில் இப்போது நுரையின்மேல் இலை வரைந்து கொடுக்கிறார்கள். அது போகட்டும். உட்கார்ந்ததும் நான் அண்ணாந்து பார்த்தேன். எனக்கு அது ஒரு வியாதி. ஏசிக் காற்று வரும் டக்டை மறைக்காமல், கறுப்புச் சாயம் அடித்து, சுவரிலிருந்து சுவருக்கு நீள ஓட விட்டிருந்தார்கள். எங்கள் காலத்தில் டக்ட் என்றால் பொய்க் கூரைக்கு மேலே ஒளித்துவைக்க வேண்டிய சமாச்சாரம். இப்போது அதுதான் அலங்காரமாம்.

மகள் போனில் எதையோ நோண்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, இதுல எந்த வேலையோட பேரைப் போட்டாலும், மெஷின் அதை எடுத்துக்குமா எடுத்துக்காதான்னு சொல்லிடறது" என்றாள். தன்னுடையதைப் போட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். அவள் அப்பாவுடையதைப் போட்டுப் பார்த்துச் சிரித்தாள். "உனக்கு?" என்றாள். தகட்டு வேலை செய்கிறவர் என்று போடச் சொன்னேன். பச்சையில் கிளம்பிய ஒரு பட்டை மஞ்சளில் வந்து நின்றது. "நடுத்தரமாம். ரொம்ப பயப்பட வேண்டாம்ங்கறது" என்றாள்.

நான் காபியைத் தள்ளி வைத்தேன். இதே கேள்விக்கு நான் ஒரு காலத்தில் காகிதத்தில், என் கைப்பட, விடை எழுதியிருக்கிறேன். அதில் வேலையின் பேரோடு ஒரு ஆளின் பேரும் இருந்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வரைவாளர் டிப்ளமா முடித்த கையோடு கோவண்டியில் டக்ட் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. "இத்தனை படிச்சுட்டுத் தகரக் கடைக்கா போகப்போறே?" என்று அம்மா மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. தகரம் இல்லை, துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு என்று நான் விளக்கியது அவளை மேலும் நோகடித்தது. ஹார்பர் லைன் ரயிலில் வந்து இறங்கி, ரயில் பாதையை ஒட்டி நடந்தால் பட்டறை. குப்பைமேட்டுப் பக்கமிருந்து வரும் காற்று ஒரு வாசனை என்றால், உள்ளே புதுத் தகடு வெட்டுப்படும்போது வரும் வாசனை வேறு. நாக்கில் காசை வைத்த மாதிரி இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தலைமுடியை அவிழ்த்தால் அந்த வாசனையும் கூடவே அவிழும். குளித்தாலும் போகாது.

பட்டறையில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி. இன்னொருவர் ஞானமுத்து அண்ணாச்சி. தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பத்து வயதில் பம்பாய்க்கு வந்தவருக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். தகட்டில் கோடு போடுவது அவர் வேலை. மடித்த பிறகு என்ன வடிவம் வரவேண்டுமோ, அதை மடிப்பதற்கு முன்பே தட்டையான தகட்டில் கணக்குப் பண்ணிக் கிழித்துவைக்க வேண்டும். அவர் கிழித்த கோட்டின்மேல் மற்றவர்கள் வெட்டுவார்கள், மடிப்பார்கள். எனக்கு மில்லிமீட்டர். அவருக்கு இஞ்ச், நூல். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். நான் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுப்பதை அவர் மனசுக்குள்ளேயே நூலாக்கிக் கொள்வார். தகட்டின் ஓரத்தை நகத்தால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு, "இருவத்தி நாலு" என்பார். தகட்டின் கனம் இருபத்து நாலு கேஜ் என்று அர்த்தம். தகட்டுக் கட்டோடு வந்த சீட்டைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். நான் ரகசியமாக எத்தனையோ தரம் சுண்டிப் பார்த்திருக்கிறேன். எல்லாத் தகடும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டது. நகம் உடைந்ததுதான் மிச்சம்.

நான் வரைவதில் ஒரு கோளாறு இருந்தது. கல்லூரியில் எதையும் மேலிருந்து பார்த்து வரையத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் டக்ட் மாட்டுகிறவன் தரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறான். மேலிருந்து பார்த்தால் இடது பக்கம், கீழிருந்து பார்த்தால் வலது. நேராகப் போகிற டக்டுக்கு இதனால் பாதகமில்லை. பக்கவாட்டில் கிளை பிரிகிற துண்டில்தான் வில்லங்கம். சைட்டிலிருந்து வரும் குறிப்பு கீழிருந்து பார்த்து எழுதியது என்பதை மறந்து, பத்துக்கு இரண்டு துண்டுகளில் கிளைக்கான ஓட்டையை மாற்றிப் போட்டுவிடுவேன். அண்ணாச்சி அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். சைட்டுக்குப் போய்வரும் மாட்டுகிற ஆட்களிடம் டீ குடிக்கும்போது, கட்டடத்தில் தூண் எந்தப் பக்கம், உத்தரம் எந்தப் பக்கம் என்று விசாரித்து வைத்திருப்பார்.

முதல் தடவை என்னிடம் சொன்னார். "யம்மா, நீ மாடியில நின்னு பாத்து வரஞ்சிருக்க. நாங்க தரையில நின்னுல்லா மாட்டுதோம்." பிறகு சொல்வதையும் விட்டுவிட்டார். காகிதத்தைத் திருப்பி, ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்து, பின்பக்கத்திலிருந்து தெரியும் கோடுகளைப் பார்ப்பார். இடம் வலமாகிவிடும். அப்படியே தகட்டில் போட்டுவிடுவார். அவர் காகிதத்தை வெளிச்சத்துக்குத் தூக்கினால் நான் ஏதோ சொதப்பியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். மானேஜர் சாவந்துக்குத் தெரியாது. எனக்கு நல்ல வரைவாளர் என்று பெயர் வந்தது இப்படித்தான்.

இரண்டு வருஷம் போனது. ஒருநாள் சாவந்த் எல்லோரையும் கூப்பிட்டு, தகடு வெட்டும் மெஷின் வாங்கப்போவதாகச் சொன்னார். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் போதும், கோடும் வேண்டாம் கத்திரியும் வேண்டாம், நெருப்பால் அதுவே வெட்டிப் போட்டுவிடும். யார் யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு பண்ண, மெஷின் விற்கிறவர்கள் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த கேள்விகள். ஒவ்வொரு ஆளின் பக்கத்திலும் உட்கார்ந்து, செய்வதையெல்லாம் பார்த்து, அதை நிரப்ப வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. "சப் குச் லிக்கோ" என்றார் சாவந்த். எதையும் விடாமல் எழுது என்றார், பாவம்.

அன்றைக்கு டீ நேரத்தில் அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார். வழக்கமாக அவர் ஆபீஸ் அறைக்குள் கால் வைக்கமாட்டார்.

"பேப்பர்ல நீதான் எழுதப் போறியாம்லா."

"ஆமாம் அண்ணாச்சி."

"எனக்கு வேற ஒண்ணும் தெரியாது பாத்துக்க. இங்கன இருந்து போச்சொன்னா நான் எங்க போவேன். இந்த வயசுக்கு மேல எவன் சேப்பான்."

"நான் நன்னா எழுதறேன். கவலைப்படாதீங்கோ" என்றேன். இருபத்து நாலு வயசில் அவ்வளவு பெரிய வாக்கை எவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிடுகிறோம்.

அவருக்காக ஒதுக்கியது மூன்று நாள். மூன்று நாளும் அவர் இஸ்திரி போட்ட சட்டையில், தலையில் தண்ணீர் வைத்து வாரி, பரீட்சைக்கு வருகிற பிள்ளை மாதிரி வந்தார். வழக்கமாக வேலைக்கு நடுவே பாட்டு, பக்கத்து ஆளோடு சண்டை, புகையிலை எல்லாம் உண்டு. அந்த மூன்று நாள் எதுவும் இல்லை. ஒரே அளவுத் துண்டை நாற்பது தடவை கிழித்தார். நாற்பதையும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. நான் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து பரவசமாக எழுதினேன். ஒரே வேலையை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்கிறாரா? எப்போதும். செய்வதைப் படிப்படியாக விளக்க முடிகிறதா? மிகத் தெளிவாக. தவறு நேர்கிறதா? ஒருபோதும் இல்லை. எழுத எழுத எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்து ஷிண்டே. இவரும் கோடு போடுகிறவர்தான், நல்ல மனுஷர், ஆனால் கண்ணுக்குத் தோன்றிய இடத்தில் வெட்டுவார். வெட்டியது சேராவிட்டால் சைட்டுக்கே போய் மரச் சுத்தியால் அடித்துச் சேர்ப்பார். எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால், "அந்தாஸ் சே" என்று சிரிப்பார். ஒரு குத்துமதிப்புதான் என்று அர்த்தம். அவருடைய தாளில் நான் வருத்தத்தோடு உள்ளதை எழுதினேன். ஒரே மாதிரி செய்வதில்லை. விளக்கத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் வேறு முறை.

தாளின் அடியில் கடைசியாக ஒரு கேள்வி. இந்த ஆளின் வேலையை மெஷினிடம் கொடுப்பதற்கான வாய்ப்பு குறைவா, நடுத்தரமா, அதிகமா? அதை மானேஜர் நிரப்ப வேண்டும். நான் அதற்குக் கீழே கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் சாவந்த் பச்சை மைப் பேனாவோடு உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகப் படித்து டிக் போட்டார். ஷிண்டேவுக்குக் குறைவு. ஞானமுத்துவுக்கு அதிகம். ஒரே மாதிரி, பிசகாமல், விளக்கிச் சொல்லக்கூடிய விதத்தில் ஒருவன் செய்கிற வேலைதான் மெஷினுக்குத் தோது என்று என் மரமண்டைக்கு அப்போதுதான் எட்டியது. நான் பள்ளிக்கூட மார்க் ஷீட் மாதிரி நினைத்துக்கொண்டு நிரப்பியிருந்தேன். நிறைய மார்க் வாங்கினவன் பாஸ் என்று. "நீ எழுதினது ரொம்ப உபயோகமாக இருந்தது" என்று சாவந்த் எனக்கு நன்றி சொன்னார்.

இதுவரை சொன்னதை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு என் கணவரிடமும் சொன்னேன். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், சின்ன வயசு, நல்ல எண்ணத்தில் செய்தது, விடு என்பார்கள். நானும் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்வேன்.

தாளில் இன்னொரு கேள்வி இருந்தது. கொடுத்த வரைபடத்தின்படியே செய்கிறாரா, அல்லது சொந்தமாக மாற்றுகிறாரா?

இரண்டாம் நாள் காலை, கிளை பிரியும் துண்டு ஒன்றின் வரைபடத்தை அண்ணாச்சி கையில் எடுத்தார். என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி எழுந்து, மூலையில் இருந்த ட்யூப்லைட்டுக்குக் கீழே போய், எனக்கு முதுகைக் காட்டி நின்று, காகிதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு நொடி. திரும்பி வந்து ஒன்றும் நடக்காத மாதிரி கோடு போட்டார். வரைபடத்தை மீறினேன் என்று தாளில் ஏறிவிடக் கூடாதே என்று அவருக்குப் பயம். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "வரைபடத்தின்படியே செய்கிறார்" என்று எழுதினேன்.

அவருக்காகத்தான் அப்படி எழுதினேன் என்று கொஞ்ச காலம் என்னையே நம்பவைத்திருந்தேன். அது பொய். அவர் வரைபடத்தைத் திருத்துகிறார் என்று எழுதினால், அது யார் வரைந்தது, எத்தனை தடவை தப்பு என்று அடுத்த கேள்வி வரும். எனக்கு என் நல்ல பெயர் பெரிதாக இருந்தது. அந்த ஒரு வரியை உள்ளபடி எழுதியிருந்தால் சாவந்தின் பேனா வேறு கட்டத்தில் இறங்கியிருக்கும். ஏனென்றால் அந்த ஒன்றைத்தான் வரப்போகிற மெஷினால் செய்ய முடியாது.

செய்யவும் இல்லை. மெஷின் வந்து முதல் பெரிய வேலை, சயானில் ஒரு அலுவலகக் கட்டடம். நான் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்ததை ஒரு மயிரிழை பிசகாமல் வெட்டித் தள்ளியது. மடித்து, லாரியில் ஏற்றி, சைட்டில் தூக்கி மாட்டும்போதுதான் தெரிந்தது, கிளைத் துண்டுகளில் பத்துக்கு இரண்டில் ஓட்டை சுவரைப் பார்த்து இருக்கிறது என்று. ஷிண்டேவால்கூட அடித்துச் சேர்க்க முடியவில்லை. சாவந்த் என்னை நிற்கவைத்து, "இவ்வளவு நாள் சரியாகத்தானே வரைந்தாய், இப்போது என்ன ஆயிற்று?" என்று கத்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அண்ணாச்சி அதற்குப் பத்து நாள் முன்பே போயிருந்தார். அவருடைய கடைசி நாளன்று எனக்குத் தலைவலி என்று லீவு சொல்லியிருந்தேன். உண்மையில் தலைவலி இல்லை.

அதன் பிறகு ஏழெட்டு வருஷம் இருக்கும். நான் பட்டறையை விட்டுவிட்டிருந்தேன். வரைவதையும் மென்பொருள் எடுத்துக்கொண்டு, என்னை மரியாதையாக அனுப்பிவைத்தது. அதற்கு நான் அழவில்லை, அழ எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு சாயங்காலம் சயான் ஸ்டேஷன் பாலத்தில், "யம்மா" என்று ஒரு குரல். வாட்ச்மேன் உடுப்பில் அண்ணாச்சி. ஆள் இளைத்திருந்தார். செம்பூரில் ஒரு பெரிய கட்டடத்தில் வேலையாம். உட்கார்ந்துகொள்ள நாற்காலி கொடுத்திருக்கிறார்களாம். என் பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சட்டைப் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். "இதைப் பாரு. ஞாபகம் இருக்கா?"

நான் நிரப்பிய தாள். அதன் ஜெராக்ஸ். ஜெராக்ஸில் கறுத்துப்போன டிக்கின் மேலே மட்டும், அவருக்குத் தெரியவேண்டும் என்றோ என்னவோ, யாரோ பச்சை மையால் மறுபடி வரைந்து கொடுத்திருந்தார்கள்.

"வெளிய போவயில எழுத்துல ஏதாவது குடுங்கன்னு சாவந்த்கிட்ட கேட்டேன். இதைக் குடுத்தாரு. உன் கையெழுத்து இருக்குல்லா. நல்லா எழுதிருக்கியாமே. எங்க வேல கேட்டுப் போனாலும் இதைத்தான் காட்டுவேன்."

"காட்டினா?" என்றேன்.

"வாங்கிப் படிப்பானுவ. கடைசி வரைக்கும் படிச்சிட்டு என் மூஞ்சியப் பாப்பானுவ. பெறவு திருப்பித் தந்திருவானுவ. ஒருத்தன்கூட குத்தம் சொன்னதில்ல."

பாலத்தில் ஜனங்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். அண்ணாச்சிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. ஒரு தடவை தமிழில் படித்துச் சொல்லு என்றார். படித்தேன். எப்போதும். மிகத் தெளிவாக. ஒருபோதும் இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வரைபடத்தின்படியே செய்கிறார் என்ற இடம் வந்ததும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்கிற சிரிப்பு.

"அடியில பச்சையா டிக் இருக்கே, அது என்னது?"

"சரின்னு போட்டிருக்கு அண்ணாச்சி."

"அப்படித்தான் நானும் நெனச்சேன்" என்றார். தாளின் பின்பக்கம் என் போன் நம்பரை எழுதித் தரச் சொன்னார். யாராவது நம்பாவிட்டால் என்னிடம் கேட்டுக்கொள்ளச் சொல்வாராம். எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், அந்தத் தாளைப் பற்றிக் கேட்கத்தான் என்று நினைத்துக்கொண்டே எடுப்பேன். யாரும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. ஒரு இளம்பெண்ணின் குரல். ஹிந்தியும் தமிழுமாகப் பேசினாள். "ஆண்ட்டி, ஞானமுத்துவோட பொண்ணு. அப்பா போயிட்டாங்க. வியாழக்கிழமை. உங்க நம்பர் அந்தப் பேப்பர் பின்னாடி இருந்துச்சு." என்னென்னவோ சொன்னேன்.

"அம்மா அந்தப் பேப்பரை பைபிளோட பெட்டிக்குள்ள வெச்சிட்டாங்க" என்றாள். "வெக்கறதுக்கு முன்னாடி நான் படிச்சேன் ஆண்ட்டி. அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லல."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அந்த டிக் என்னன்னு அப்பாக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

தெரியாது என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்? ஒரு கோட்டைப் பார்த்தே யார் எங்கே நின்று வரைந்தார்கள் என்று சொல்லக்கூடிய மனுஷர். அத்தனை பட்டறையில் அத்தனை பேர் படித்துவிட்டு மூஞ்சியைப் பார்த்ததை எண்ணிவைத்திருந்தவர். பாலத்தில் அந்த டிக்கைப் பற்றி என்னிடம் ஏன் கேட்டார் என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன். ஏசி போட்ட எந்தக் கூடத்தில் போய் உட்கார்ந்தாலும், கச்சேரி நடக்கட்டும், கல்யாணம் நடக்கட்டும், மேலேயிருந்து வரும் காற்றில் அவர் தெரியும் என்று சொல்கிற மாதிரியும் இருக்கிறது, தெரியாது என்கிற மாதிரியும் இருக்கிறது.

கோவண்டிப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். சாவந்த் மகனோடு வெளிநாடு போய்விட்டார். நாங்கள் அத்தனை ஆர்ப்பாட்டமாக வாங்கிய மெஷின் பழைய இரும்புக்குப் போய்ப் பல வருஷமாகிறது. காபிக் கடையிலிருந்து வந்த மறுநாள் அந்தப் பெண்ணின் நம்பருக்குப் போன் போட்டேன். உபயோகத்தில் இல்லை என்று மூன்று மொழியில் சொன்னது. தாராவிக்குப் போய் விசாரித்தேன். அவர்கள் இருந்த சந்து முழுவதையும் இடித்துவிட்டார்கள். சீத்தா கேம்ப் குடிசைகள் பக்கம் போனார்கள் என்றார் ஒருவர், இல்லை ஊருக்கே போய்விட்டார்கள் என்றார் இன்னொருவர். அவளைக் கண்டுபிடித்திருந்தால் ஒரே ஒரு வரிதான் சொல்லியிருப்பேன். அந்தத் தாளில் ஒரு இடத்தில் நான் பொய் எழுதியிருக்கிறேன் அம்மா, உங்கப்பா வரைபடத்தின்படி செய்யவே இல்லை.